ஏலக்காய் மாடி

வாங்க தம்பி, குனிந்து வாங்க. வருகிறவன் வணங்கிக்கொண்டே உள்ளே வரட்டும் என்றுதான் அந்தக் காலத்தில் வாசல் நிலையைத் தாழ்த்தி வைத்தார்கள் என்று ஒரு கருத்து உண்டு. ஆதாரமில்லாத கருத்து. இருந்தாலும் குனியுங்கள், இடித்தால் வலிக்கும்.

அதில் வேண்டாம், கால் ஆடும். இந்த நாற்காலியில் உட்காருங்கள். முதலில் இதைச் சாப்பிடுங்கள். கேசரி. ஏலக்காய் இருக்காது, போடக் கூடாது என்று பக்கத்தில் நின்று செய்ய வைத்தேன். காரணம் பிறகு சொல்கிறேன். இது வாழைக்காய் பஜ்ஜி, இன்னும் சூடு இருக்கிறது. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று யோசிக்கிறீர்கள். வந்தவரை வெறும் வாயோடு அனுப்புகிற பழக்கம் இந்த வீட்டில் இல்லை. என் வீடு இல்லை இது. சாவி என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

தரகர் சொன்னார். பேங்கில் வேலை, மாற்றலாகி போடிக்கு வந்திருக்கிறீர்கள், தனி ஆள். தனி ஆள் என்றால் இந்தத் தெருவில் யாரும் வீடு தரமாட்டார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. சொந்த ஊர் எது என்று கேட்டேன், அது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

கம்பமா?

கம்பத்தில் ஊருக்குள்ளேயே? அம்மா அப்பா இருக்கிறார்களா? சரி. சரி. சும்மா கேட்டேன். இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடியைப் பார்க்கலாம், விளக்கு வைக்கிற நேரம் ஆகட்டும். அதற்குள் இந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். பேய் வீடு என்பார்கள். என் பெயர் திருமலைக்கொழுந்து. வேலைக்காலம் முழுவதும் நூலகர். நான் பேசினால் அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வார்கள், அது உண்மைதான், பேச்சுத்துணைக்குப் புத்தகம்தான் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேயில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் வரலாற்று மன்றம் என்று ஒன்று இருக்கிறது. நான் செயலாளர். தலைவர் தேவசகாயம், பல் டாக்டர். மன்றத்து வாசகசாலையின் கூரை ஒழுகியது. பழைய பத்திரிகைத் தொகுப்புகள் ஐப்பசியில் நனைந்து, கார்த்திகையில் பூசணம் பிடித்து, மார்கழியில் கரையான் ஏறிவிட்டன. கூரை போட நன்கொடை கேட்டுப் போனால், ஏலக்காய் விலை இறங்கிவிட்டது என்றார்கள். ஏலக்காய் விலை ஏறியிருக்கிறது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கடைசியில் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். ஊரிலுள்ள பழைய வீடுகளைத் திறந்து காட்டுவோம், டிக்கெட் போடுவோம், மதுரையிலிருந்து ஆட்கள் வருவார்கள். மாசி மாதத்து ஞாயிறுகள். நான்தான் கூட்டிக்கொண்டு போய் விளக்க வேண்டும்.

நல்ல யோசனைதான். கெடுத்தது அவர் போட்ட விதி. ஒரு வீட்டுக்கு ஒரு கதை இருந்தே ஆக வேண்டுமாம்.

மற்ற வீடுகளுக்குக் கதை இருந்தது. ஒரு வீட்டில் சுரங்கப்பாதை. இந்தப் பக்கம் சுரங்கப்பாதை இல்லாத பழைய வீடு கிடையாது தம்பி. எல்லாமே மதுரைக்குத்தான் போகின்றன. போய்ச் சேர்ந்தவர் ஒருத்தரும் கிடையாது. இன்னொரு வீட்டில் ஒரு தலைவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டாராம். என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன், அந்த வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. இந்த வீட்டுக்கு மட்டும் எதுவும் இல்லை. வேங்கடசுப்பு ரெட்டியார் என்ற ஏலக்காய் வியாபாரி கட்டினார். மலையிலிருந்து வருகிற காயை மாடியில் கொட்டி, காம்பு கிள்ளித் தரம் பிரித்தார்கள். நஷ்டப்பட்டார், விற்றார். கைமாறிக் கைமாறிக் கடைசியில் பொம்முராஜ் என்பவர் வாங்கினார். ஏலக்காய்க் கடை ஒன்றில் எடை போட்டுக்கொண்டிருந்தவர். அவரும் அவர் சம்சாரம் நாகரத்தினம் அம்மாவும், இரண்டே பேர். இவர்கள் வந்தபிறகு மாடியில் ஒரு ஏலக்காய்கூடக் கிடையாது. ஏற்பாட்டுக்காக முதல் தடவை வந்தபோது நானே மாடிச் சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன், அது என் வழக்கம். வௌவால் எச்சமும் பினாயிலும்தான்.

"கதை இல்லாத வீட்டுக்கு எவன் வருவான் கொழுந்து?" என்றார் டாக்டர். "பிள்ளைக்குப் பல்லைப் பிடுங்கறதுன்னாலும் ஒரு கதை சொல்லித்தான்யா பிடுங்கணும்."

"இல்லாததை எப்படிச் சொல்வது?"

"இருக்கிறதைச் சொல்றதுக்கு நீர் எதுக்கு? அதான் கல்வெட்டு இருக்கே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சரி, கதைதானே, தருகிறேன் என்று உட்கார்ந்தேன். ஒன்று சொல்கிறேன், பொய் சொன்னாலும் அதில் ஒரு ஒழுங்கு வேண்டும். நான் ஒழுங்காகச் செய்தேன். ரெட்டியாருக்கு ஒரு மகள் இருந்ததாக வைத்துக்கொண்டேன். எட்டு வயது. அந்தக் காலம், அந்தக் குடும்பம், பெருமாள் பக்தி, எல்லாவற்றையும் எடைபோட்டு ரெங்கநாயகி என்று பெயர் வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிக்குப் போய், காம்பு கிள்ளுகிற பெண்களோடு உட்கார்ந்து பாவாடை நிறையக் காயை அள்ளிக்கொள்வாள். ஒரு மார்கழியில் மலைக்காய்ச்சல் வந்து இறந்துபோனாள். மலைக்காய்ச்சல் என்பது சரியான விவரம், ஏலமலை அந்த நாளில் மலேரியாவுக்குப் பேர்போனது. விளக்கு வைக்கிற நேரத்தில் மாடிப்படியில் இன்றைக்கும் பச்சை ஏலக்காய் வாசனை வரும் என்று முடித்தேன்.

கொலுசுச் சத்தம், வெள்ளைப் பாவாடை எல்லாம் வைக்கவில்லை, கவனித்தீர்களா? கண்ணுக்குத் தெரிந்தால் போட்டோ கேட்பார்கள். சத்தம் என்றால் பதிவு பண்ணுவார்கள். வாசனையை எவன் மறுக்க முடியும்? அதுவும் போடியில்.

முதல் ஞாயிறு அபாரமாக நடந்தது. வீட்டுக்கார அம்மா கடைசியில் எல்லோருக்கும் குடிக்க ஏதாவது தர வேண்டும், அது ஏற்பாடு. நாகரத்தினம் அம்மா பானகம் கரைக்கிறேன் என்றார். பானகத்தில் ஏலக்காய் போடுவார்கள், ஆதாரம் கெட்டுவிடும் என்று மோராக மாற்றச் சொன்னேன். நான் கதையைச் சொல்லி முடித்ததும் மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இன்னொருவர் வாசனை வருகிறது, வருகிறது என்று கையை நீட்டிக் காட்டினார். எனக்கு எதுவும் வரவில்லை. வரக் காரணமும் இல்லை.

எல்லோரும் போனபிறகு நாகரத்தினம் அம்மா மோர்த் தட்டோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"சார், அந்தப் பிள்ளை பேரு என்னன்னீங்க?"

"ரெங்கநாயகி."

"ரெங்குன்னு கூப்பிட்டிருப்பாங்கள்ல?"

"கூப்பிட்டிருக்கலாம்."

"எட்டு வயசா?"

"எட்டு."

தட்டைக் கீழே வைத்தார். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

இரண்டாவது ஞாயிறு வந்து பார்த்தால் மாடி கழுவி விட்டிருக்கிறது. வௌவாலைக் காணோம். ஓரமாக ஒரு கோரைப்பாய், பக்கத்தில் சின்னப் பித்தளைத் தம்ளரில் தண்ணீர். எனக்கு உள்ளூரச் சந்தோஷம், வீட்டுக்காரர்களே ஒத்துழைக்கிறார்கள் என்று நினைத்தேன். கூட்டத்தைப் படிக்கட்டில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "மார்கழி மாதத்து விடியற்காலையில் அந்தக் குழந்தை..." என்று ஆரம்பிக்கிறேன், பின்னாலிருந்து ஒரு குரல்.

"காய்ச்சல் விட்டுருச்சுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். நாகரத்தினம் அம்மாதான்.

"விடியக்காலம் வேர்த்துக்கொட்டி விட்டுருச்சு. கஞ்சி குடிச்சா. அப்புறம் நல்லா இருந்தா."

ஒருத்தர், "அப்ப பேய் இல்லையா?" என்றார். அவர் சம்சாரம், "பேசாம இருங்க, பிள்ளை பிழைச்சதுக்குச் சந்தோசப்படுங்க," என்றாள். அவர், "இதுக்கா டிக்கெட் எடுத்தோம்?" என்றார். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் என் பல்லெல்லாம் கூசியது.

நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். ஒரு வரலாற்று மன்றத்தின் செயலாளர் சொன்னதை, மோர் கொடுக்க நின்றவர் நாலு பேர் முன்னால் மாற்றுகிறார். நான் என் நூலகக் குரலில் சொன்னேன். அந்தக் குரலில் சொன்னால் ஊரில் மறுத்துப் பேசினவர் கிடையாது.

"இல்லை அம்மா. குழந்தை இறந்துவிட்டது. ஆதாரம் இருக்கிறது."

அவர் என்னைப் பார்த்தார். "ஏன் சார் அப்படிச் சொல்றீங்க?" என்றார், மெதுவாக.

அப்போதுதான் தம்பி, வாசனை வந்தது.

துல்லியமாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பச்சை ஏலக்காய், உலர்ந்தது இல்லை, மலையிலிருந்து சாக்கில் வந்து இறக்கினதும் அடிக்குமே அந்த வாசனை. சுவரிலிருந்து வரவில்லை. வெளியிலிருந்தும் வரவில்லை, அன்றைக்குக் காற்றே இல்லை. படியில் எனக்குப் பக்கத்திலிருந்து வந்தது. ஏறத்தாழ என் இடுப்பு உயரத்தில். நிமிர்ந்தால் இல்லை, குனிந்தால் இருந்தது. எல்லோருக்கும் வந்தது. ஒருத்தரும் கையை நீட்டவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கி வெளியே போய்விட்டார்கள். மோரை யாரும் தொடவில்லை.

மரத்துக்கு வாசனையைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு. வெயிலில் சூடேறினால் திரும்பக் கக்கும். மாடியைக் கழுவிவிட்டதால் கிளம்பியிருக்கலாம். இப்படித்தான் நான் அன்றைக்கே முடிவு செய்தேன், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

மூன்றாவது ஞாயிறுக்கு டிக்கெட் இல்லையென்று சொல்ல வேண்டியதாகிவிட்டது, அவ்வளவு கூட்டம். நாகரத்தினம் அம்மா கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து, "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, சத்தம் போடாதீங்க," என்று மட்டும் சொன்னார். டாக்டர் கூட்டத்தைச் சுரங்கப்பாதை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். கூரை வந்துவிட்டது, அதைச் சொல்லிவிட வேண்டும். இப்போது வாசகசாலை ஒழுகுவதில்லை. நான்தான் அங்கே அதிகம் போவதில்லை.

பங்குனியில் பொம்முராஜ் என்னைத் தேடி வந்தார். கெட்டியான ஆள், ஒரு வார்த்தை பேச நாலு தடவை யோசிப்பவர். செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றுகொண்டே கேட்டார்.

"சார், அந்தப் பேரை யார் உங்ககிட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. நானே வைத்தது."

"நிசமா?"

"நிசமாக."

"எங்களுக்கு ஒண்ணு தங்காமப் போச்சு சார். ஏழாம் மாசம். பொண்ணுன்னாங்க. இவ அதுக்கு ஒரு பேரு வச்சா. ஊருல யாருக்கும் தெரியாது. எங்கிட்டயே ஒரு தடவைதான் சொன்னா. அதுக்கப்புறம் நாங்க அதைப் பத்திப் பேசினதே இல்ல."

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியத்துக்கு இடமே இல்லை. அவரிடமும் விளக்கினேன். பெண் பிறந்தால் அப்பாவைப் பெற்றவள் பெயரை வைப்பது வழக்கம். உங்கள் அம்மா பெயர் என்ன? ரெங்கநாயகி. உங்கள் அம்மா எந்தக் காலத்து ஆள்? ரெட்டியார் காலத்து ஆள். அந்தக் காலத்துக்குப் பொருத்தமாக நான் ஒரு பெயரைத் தேடினால் அது உங்கள் அம்மா பெயராகத்தானே வரும்? கணக்கு சரியாக இருக்கிறதா? உங்களுக்குச் சரியாகப் படுகிறதா தம்பி? அவருக்கும் சரியாகத்தான் பட்டிருக்க வேண்டும். முழுக்கக் கேட்டுவிட்டு, "இருக்கட்டும் சார். நீங்க வந்து அது பொய்யின்னு அவகிட்டச் சொல்லுங்க," என்றார்.

விஷயம் இதுதான். நாகரத்தினம் அம்மாவுக்கு நெஞ்சில் கோளாறு. கோயம்புத்தூரில் பொம்முராஜின் தம்பி மகன் இருக்கிறான், அங்கே வைத்து வைத்தியம் பார்க்க எல்லா ஏற்பாடும் ஆகியிருந்தது. அம்மா கிளம்பமாட்டேன் என்கிறார். பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்கிறார். இங்கேயே இருந்தால் பிழைக்கமாட்டார். "நீங்க படிச்சவரு, நீங்க சொன்னா நம்புவா," என்றார் பொம்முராஜ். அவர் கையெடுத்துக் கும்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

வந்தேன். இதே கூடத்தில்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நான், அந்த மாடிப்படியின் கீழ்ப்படியில் அவர். வாசலில் கார் நிற்கிறது, பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. நான் சுற்றி வளைக்கவில்லை. அம்மா, ரெங்கநாயகி என்று யாரும் இந்த வீட்டில் இருந்ததில்லை. டிக்கெட் விற்பதற்காக நான் கட்டின கதை. ஆதாரம் இருக்கிறது என்றதும் பொய். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் அழவில்லை. அதிர்ச்சியும் இல்லை. "தெரியும் சார்," என்றார்.

"தெரியுமா?"

"இந்த வீட்டுல எத்தனை வருசமா இருக்கேன், எனக்குத் தெரியாதா? நீங்க வந்து சொல்ற வரைக்கும் அவ இல்ல. சொன்னதுக்கப்புறம் இருக்கா." பிறகு ஒரு கேள்வி கேட்டார். "உண்டாக்கினது நீங்கதானே? அப்புறம் ஏன் சார் எட்டு வயசுல கொன்னீங்க?"

"பேய்க்கதை அம்மா. செத்தால்தான் பேய்."

"உங்களுக்கு ஒரு வரிதானே. பிழைச்சு எழுந்திருச்சு, வளந்து, ஒருத்தன் கையப் பிடிச்சுப் போனான்னு சொன்னா வாய் வலிச்சிருக்குமா? யாருமே இல்லாத பிள்ளை. அதுக்கும் சாவுதான் வச்சிருந்தீங்களா?"

பதில் இருந்தது என்னிடம். அப்படி வளர்ந்து போனவளைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுக்கமாட்டார்கள் என்பதுதான் பதில். அதை ஏனோ சொல்லவில்லை.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "நான் போறேன். ஆனா இப்படியே விட்டுட்டுப் போகமாட்டேன். காய்ச்சலை இறக்குங்க சார்."

"என்ன அம்மா?"

"நீங்கதானே ஏத்தினீங்க. நீங்களே இறக்குங்க."

டிரைவர் ஹாரன் அடிக்கிறான். பொம்முராஜ் வாசலில் நின்று என்னைப் பார்க்கிறார். நான் மாடியேறி அந்தக் கோரைப்பாய் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னேன். விடியற்காலையில் வேர்த்தது. நெற்றி குளிர்ந்தது. ரெங்கநாயகி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். கீழேயிருந்து அவர், "கஞ்சி," என்று எடுத்துக் கொடுத்தார். கஞ்சி குடித்தாள் என்றேன்.

"வளத்து விடுங்க. ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுங்க. கம்பத்துப் பக்கமாப் பாருங்க, பஸ் இருக்கு, கிட்டக்க இருக்கட்டும்." காரில் ஏறுமுன் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான். கார் போய்விட்டது.

அன்றிலிருந்து சாயங்காலம் சாயங்காலம் வருகிறேன். பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஜன்னலைத் திறந்து விட வேண்டும். வந்தது வந்தோம் என்று நாலு வரி சொல்லிவிட்டுப் போவேன். இதில் நம்பிக்கை சம்பந்தப்பட்ட எதுவும் கிடையாது. ஒரு பாத்திரத்தை ஆரம்பித்தால் ஒழுங்காகக் கொண்டுபோய் முடிக்க வேண்டும், அந்தப் பொறுப்புதான். கணக்குப்படி அவளுக்கு இப்போது தொண்ணூறுக்கு மேல் ஆகியிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். எட்டு வயதோடு நின்றவளுக்குச் செலவாகாத வருஷங்கள் நிறைய இருக்கின்றன. அதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறேன்.

சொல்லும்போது தினமும் அந்த வாசனை வரும், அதில் ஒரு விஷயம் கவனித்தேன். கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரி என்று ஒருநாள் சொன்னேன், வாசனை நின்றுவிட்டது. மறுநாளும் இல்லை. சரி, கணக்கு வராது, படம் நன்றாக வரைவாள் என்று மாற்றினேன், உடனே வந்தது. பிடிவாதக்காரி. வயதுக்கு வந்ததைச் சொல்ல வேண்டிய கட்டம் ஒன்று வந்தது பாருங்கள், நான் திண்டாடிப் போனேன். எந்தப் புத்தகத்திலும் இல்லை. கோயம்புத்தூருக்குப் போன் போட்டு நாகரத்தினம் அம்மாவைக் கேட்டேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். உளுந்தங்களி கிண்டி வைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டில் கிண்டச் சொல்லி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றி மாடியில் வைத்தேன். பக்கத்து வீட்டம்மா யாருக்கு என்று கேட்டாள், முதுகுவலி என்றேன். மறுநாள் களி அப்படியே இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், பேய் இல்லை.

ஆனால் வாசனை உயர்ந்துகொண்டு வந்திருக்கிறது. முதலில் இடுப்பு. புரட்டாசியில் நெஞ்சு. இப்போது தோள். எனக்குத் தோள் என்றால் நல்ல உயரம்தான். அவள் அப்பா ரெட்டியாரும் உயரம், அதாவது உயரம் என்று நான் வைத்துக்கொண்டேன்.

சிக்கல் வந்தது மாப்பிள்ளையில். உத்தமபாளையத்தில் ஒரு காண்ட்ராக்டர் மகனைச் சொன்னேன். எனக்கே பிடிக்கவில்லை, அந்தக் காலத்துக் காண்ட்ராக்டர்கள் குடிப்பார்கள். சின்னமனூரில் அரிசி மில்லைச் சொன்னேன். மில் சத்தத்தில் அவள் எப்படிப் படம் வரைவாள்? ஒரு வாத்தியாரைச் சொன்னேன். அவனுக்குப் படிக்கிற பழக்கம் இல்லை என்று இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. எல்லா மாப்பிள்ளையிலும் நானே குறை கண்டுபிடித்துத் தட்டிவிடுகிறேன் என்று நாகரத்தினம் அம்மா முன்பு போனில் சொன்னார். அது சரியில்லை. அவள் போய்விட்டால் எனக்குச் சாயங்காலத்தில் வேலை மிச்சம்தானே? நானாக இட்டுக்கட்டுகிற ஆளை அவளுக்குப் பிடிக்கவில்லை, அதுதான் உண்மை. பெயரைச் சொன்னவுடன் வாசனை போய்விடுகிறது. இட்டுக்கட்டினவளுக்கு இட்டுக்கட்டினவன் ஒத்துவரவில்லை.

பொம்முராஜ் வீட்டை வாடகைக்கு விடச் சொல்கிறார். ஆட்கள் வந்தார்கள். ஒருவருக்கு மூக்கடைப்பு. ஒருவர் குடும்பஸ்தர். இன்னொருவர் இங்கே குடோன் வைக்கலாமா என்று கேட்டார், நான் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

நாகரத்தினம் அம்மாவுக்கு முடியவில்லை தம்பி. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். போன வாரம் பொம்முராஜ் போனை அவர் காதில் வைத்தார். மூச்சு இரைக்கிறது. ஒரே கேள்விதான். "முடிஞ்சிருச்சா சார்?" இன்னும் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "சீக்கிரம் சார்," என்றார். வேறு எதுவும் பேச முடியவில்லை. நேற்று அவரால் அதுவும் கேட்க முடியவில்லை, பொம்முராஜ்தான் கேட்டார்.

அதனால்தான் தரகரிடம் சொல்லி உங்களை இன்றைக்கே வரச் சொன்னேன்.

தெரு விளக்கு எரிந்துவிட்டது. நேரம்தான். கையைத் துடைத்துக்கொள்ளுங்கள், சட்டையில் பஜ்ஜித்தூள் இருக்கிறது, தட்டிவிடுங்கள். படம் வரைகிறவர்களைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன? இல்லை, எழுந்திருக்க வேண்டாம், ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். மூச்சை மெதுவாக இழுங்கள்.

வருகிறதா?

கேசரி இல்லை. கேசரியில் போடவில்லை என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

எந்தப் பக்கமிருந்து? படிப்பக்கமா? எந்த உயரத்தில்? இப்போது எழுந்து நின்று கையை வைத்துக் காட்டுங்கள். ம். உங்களுக்கும் தோள்தான். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை. வாடகையைப் பற்றியும் கவலை வேண்டாம், அதை நான் பேசிக்கொள்கிறேன். செருப்பைக் கழற்றி இங்கேயே விடுங்கள். நான் முன்னால் ஏறுகிறேன், அவள் பக்கத்தில் பெரியவர் என்று இருப்பது நான் ஒருத்தன்தான். மேலே போனதும் அந்தப் பாய்க்கு எதிரில் உட்காருங்கள், ரொம்ப நேரம் உற்றுப் பார்க்க வேண்டாம். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று அங்கேயே வைத்துச் சொல்லிவிடாதீர்கள். ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று சொல்லுங்கள், அதுதான் முறை.

கோயம்புத்தூருக்கு மட்டும் நான் இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன், கம்பத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்று.